நாலரைக்கு விடியும் வீடுகள்

*மழை, பஸ், பாடசாலை, பெரட்டு. நாவலப்பிட்டியில் ஒரு குடும்பத்தின் நாளை இந்த நான்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் நேரத்தில் வீட்டு வேலையைச் செய்வது யார்?*

அதிகாலை நாலரை மணி. வெளியே இருட்டு. தகரக் கூரையில் மழை சடசடக்கிறது. குசினியில் மட்டும் விளக்கு எரிகிறது. ஓர் அடுப்பில் கேத்தல், மற்றதில் பருப்பு. தரையில் துருவலை, பாதி துருவிய தேங்காய். அடுப்புக்கு மேலே குறுக்காகக் கட்டிய கயிற்றில் இரண்டு வெள்ளைச் சட்டைகள், ஒரு வெள்ளைக் கவுன், மூன்று சோடி சொக்ஸ். முந்தாநாள் கழுவியவை. கொலரிலும் கைமடிப்பிலும் ஈரம் இன்னும் போகவில்லை. அம்மா சட்டையை இறக்கி, மேசை மேல் விரித்த போர்வையில் வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியை அழுத்துகிறாள். ஆவி கிளம்புகிறது. சட்டையில் சவர்க்கார வாசனையோடு லேசாகப் புகை வாசனையும் வருகிறது.

ஐந்தரைக்கு அப்பா கண்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆறேகாலுக்கு மூத்தவன் கிளம்புவான். ஆறே முக்காலுக்குச் சின்னவளின் வேன் வாசலில் ஹோர்ன் அடிக்கும். ஏழே காலுக்கு அம்மாவே வேலைக்குப் போக வேண்டும். இதற்கிடையில் அறையிலிருந்து குரல்: "அம்மா, என்னோட மத்த சொக்ஸ் எங்க?" அது அடங்குவதற்குள் இன்னொன்று: "அம்மா, இன்னைக்குச் சித்திரக் கொப்பி கொண்டு போகணும், நேத்தே சொன்னேன்தானே!"

இந்த வீட்டுக்கு முகவரி தேவையில்லை. பவ்வாகமயிலும் இருக்கிறது, மீப்பிட்டியவிலும் இருக்கிறது. ரமழானில் இதே விளக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தி, ஸஹருக்காக எரியும். மேலே தோட்டத்து லயங்களில் கேஸ் அடுப்புக்குப் பதில் விறகடுப்பு, கண்டி பஸ்ஸுக்குப் பதில் பெரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலைக்குப் போகிற அம்மாக்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு டியூசன் கூடிவிட்டது. பயண நேரம் நீண்டுவிட்டது. வீட்டைச் சுத்தமாக, ஒழுங்காக வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "நேரமே போதல்ல" என்பது பஸ் தரிப்பிடத்திலும் பாடசாலை வாசலிலும் வைத்தியசாலை வரிசையிலும் காதில் விழும் பேச்சு. அந்த நேரம் எங்கே போகிறது என்று தேடியதில் கிடைத்தவை இவை.

மழை போடும் கணக்கு

வீட்டை ஒழுங்காக வைப்பது பற்றி யூடியூபில் ஆயிரம் காணொளிகள் கிடைக்கின்றன. கண்ணாடிப் போத்தல்களில் பருப்பையும் மிளகாய்த் தூளையும் கொட்டிப் பெயர் ஒட்டச் சொல்வார்கள். அலுமாரியில் உடுப்பை நிறவாரியாக அடுக்கச் சொல்வார்கள். ஜூன் மாதத்து நாவலப்பிட்டியில் ஒரு சட்டையை எப்படிக் காய வைப்பது என்று அவற்றில் ஒன்றும் சொல்லாது.

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். பக்கத்தில் கினிகத்தேனையும் வட்டவளையும் இலங்கையிலேயே அதிக மழை பெறும் பகுதிகள். இந்தச் சரிவில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டில் பெய்வது ஏறத்தாழ 1,300 மில்லிமீற்றர். மே தொடங்கி செப்டெம்பர் வரை ஒரே ஈரம். ஒக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் காட்டிவிட்டுப் பின்னேரம் இடியோடு கொட்டும்.

இந்த ஊரில்தான் பிள்ளைகள் வெள்ளைச் சீருடை அணிகிறார்கள். வெள்ளை நாடு முழுவதற்கும் பொது என்பதால் மலையகத்துக்கு விலக்கில்லை. சிவப்பு மண் ஒழுங்கைகளில் நடந்துவிட்டு வரும் வெள்ளைக் கவுனின் கீழ் ஓரத்தைப் பார்த்தால், இந்த நிறத்தைத் தீர்மானித்தவர் வீட்டில் உடுப்புக் கழுவியவர் அல்ல என்பது புரியும். அரசாங்கம் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. கழுவும் வேலையும் காய வைக்கும் வேலையும் வீட்டுக்கு.

இரண்டு பிள்ளைகள், கிழமைக்கு ஐந்து நாள். ஒருமுறை கழுவியது காய இரண்டு மூன்று நாளாகும் காலத்தில், ஆளுக்கு இரண்டு சோடி வைத்திருக்கும் வீடு புதன்கிழமையே தடுமாறும். சரியாகக் காயாததை மடித்து வைத்தால் வாடை வரும். இன்னும் நாலு நாள் போனால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், அது பிறகு எந்த நீலத்துக்கும் போகாது. ஆகவே குடும்பத்தின் கிழமைத் திட்டமே சட்டையைச் சுற்றித்தான் அமைகிறது. வானம் வெளித்தால் கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் கொடிக்கு ஓட வேண்டும். பகலில் ஆளில்லாத வீடுகளில் அந்த வெயில் வீணாகப் போகிறது.

வொஷிங் மெசின் வாங்கினால் தீருமே என்பார்கள். நகரத்து வீடுகள் பலவற்றில் வாங்கியாயிற்று. கை நோவு குறைந்தது உண்மை. மெசின் பிழிந்து கொடுக்கும், வெயிலைக் கொடுக்காது. இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஒரு நூலில், வீட்டுச் சாதனங்கள் வந்த பிறகும் அங்கே தாய்மாரின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று காட்டினார். மெசின் வந்ததும் சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. முன்பு இரண்டு நாள் போட்ட சட்டை ஒரு நாளில் அழுக்கானது. அதுவரை கூடமாட நின்ற மற்றவர்கள், மெசின்தான் இருக்கிறதே என்று விலகிக்கொண்டார்கள். இங்கே எந்த வீட்டிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம்: மெசின் பொத்தானை அழுத்தத் தெரிந்த ஒரே ஆளாக அம்மாவே மிஞ்சியிருப்பாள்.

> மணிக்கணக்கு
>
> சர்வதேச தொழில் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆய்வுக்கு எடுத்த 64 நாடுகளில் ஒரு நாளில் சம்பளமின்றிச் செய்யப்படும் வீட்டு, பராமரிப்பு வேலை 1,640 கோடி மணித்தியாலம். அதில் 76.2 வீதத்தைச் செய்பவர்கள் பெண்கள். சராசரியாக ஒரு பெண் நாளுக்கு 4 மணி 25 நிமிடம், ஓர் ஆண் 1 மணி 23 நிமிடம்.
>
> இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில் வீட்டு வேலையில் ஈடுபடுவதாகச் சொன்ன பெண்கள் 81.2 வீதம், ஆண்கள் 26.1 வீதம். ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள்.
>
> இலங்கையில் குடிசன மதிப்பீடு, புள்ளிவிபரத் திணைக்களம் முதல் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வை 2017இல் நடத்தியது. நாட்டின் தொழிற்படையில் பெண்களின் பங்கேற்பு பல ஆண்டுகளாக மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. தொழிற்படைக்கு வெளியே நிற்கும் பெண்கள் சொல்லும் காரணங்களில் முதலாவது வீட்டு வேலை.

லயத்தில் ஒரு நாள்

1874இல் ரயில் வந்ததிலிருந்து நாவலப்பிட்டி ஒரு சந்தி. தோட்டங்களின் தேயிலை இங்கே இறங்கியது, அரிசியும் மாவும் இங்கிருந்து மேலே ஏறின. இம்புல்பிட்டிய, குயின்ஸ்பெரி, கெட்டபுலா, தொலஸ்பாகைப் பக்கம் என்று சுற்றிலும் தோட்டங்கள். அங்கே ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பதைப் பார்க்காமல் இந்த ஊரின் வீட்டு வேலையைப் பற்றிப் பேச முடியாது.

கொழுந்து பறிக்கும் பெண் நாலு மணிக்கு எழும்புகிறாள். அடுப்பை மூட்ட வேண்டும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு காய்ந்திருந்தால் சட்டென்று பிடிக்கும், நனைந்திருந்தால் ஊதி ஊதிக் கண் எரியும். கோதுமை மா ரொட்டி, சம்பல், தேத்தண்ணி. மத்தியானத்துக்குச் சோறும் கறியும் அப்போதே ஆக்கி மூடி வைக்க வேண்டும். பெரிய பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டும். காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் சொல்லும் அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். திரும்பும் வழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முடிந்தால் ஒரு கட்டு விறகும் சேர்த்துக்கொண்டு வீடு வந்தால், பீலிக்கரையில் குடங்கள் வரிசையில் நிற்கும். பிறகு இராச் சாப்பாடு, பாத்திரம், உடுப்பு.

ஆண்களின் நாள் வேறு மாதிரி. கவ்வாத்து, மருந்தடிப்பு, கான் வெட்டு எல்லாம் அளந்து கொடுக்கும் வேலைகள். வெள்ளனப் போனால் மத்தியானத்தோடு முடித்துவிடலாம். ஆய்வாளர் ரேச்சல் குரியன் 1982இல் சர்வதேச தொழில் அமைப்புக்காகத் தோட்டப் பெண்களைப் பற்றி எழுதிய ஆய்விலிருந்தே இந்த வித்தியாசம் பதிவாகி வருகிறது. 1984 ஏப்ரலில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்தது. அது பெரிய வெற்றி. ஆனால் அந்த ஒரே சம்பளத்துக்குப் பெண் மலையில் நின்ற மணிகள் கூட. மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு வந்த ஆண் ரொட்டி சுட ஆரம்பித்தான் என்று எந்த ஆய்விலும் காணோம்.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. ஒவ்வொரு தடவையும் தொழிற்சங்கங்கள் பேசின, அரசாங்கம் பேசியது, கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்திக்குப் பிறகு லயத்தில் நடக்கும் இரண்டாம் வேலைக்கு மட்டும் பேச்சுவார்த்தை மேசை கிடையாது.

இடமும் ஒரு பிரச்சினை. பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. அதற்குள் ஆறேழு பேர், பிள்ளைகளின் புத்தகப்பைகள், படங்கு, கூடை, விறகு. "எல்லாவற்றுக்கும் ஓர் இடம்" என்ற புத்திமதியை அங்கே போய்ச் சொல்ல முடியாது. சொல்லாமலே அவர்கள் செய்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. ட்ரங்குப் பெட்டிக்குள் பிறப்புச் சான்றிதழ், பால்மா டின்னுக்குள் சில்லறை, பரணில் விறகு, கட்டிலுக்கு அடியில் வெங்காயம். இருட்டில் கை நீட்டினாலும் சாமான் அகப்படும். இட நெருக்கடி பழக்கிவிட்ட ஒழுங்கு அது.

லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு கிடைத்த குடும்பங்களுக்குச் சொந்த முகவரி கிடைத்தது, தனிக் குசினியும் கழிப்பறையும் கிடைத்தன. கூட்டவும் துடைக்கவும் வேண்டிய தரையும் பெருத்தது. லயத்தில் பக்கத்துக் காம்பரா ஆச்சி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். தனிவீட்டில் அவளைக் கூப்பிட மலை இறங்க வேண்டும். இதற்காகத் தனிவீடு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. வீடு கட்டும் திட்டத்தில் பிள்ளை பார்க்கும் ஆச்சியையும் கணக்கில் எடுத்திருக்கலாம்.

கண்டி பஸ்ஸும் சூன் பாணும்

நகரத்துக்கு இறங்குவோம். நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கம்பளை, பேராதனை வழியாகப் போகும் அந்த வீதியில் தினமும் போய்வருபவர்கள் ஏராளம்: வைத்தியசாலை ஊழியர்கள், ஆசிரியர்கள், வங்கிக்காரர், கடைச் சிப்பந்திகள், தொழிற்சாலைப் பெண்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால், எட்டு மணிநேர வேலை பதினொன்றாகிவிடுகிறது.

பாடசாலை ஒன்றரைக்கு விடும். அம்மா வீடு சேர ஆறு மணி. நடுவில் இருக்கும் நாலரை மணித்தியாலத்தை இந்த ஊர் மூன்று விதமாக நிரப்புகிறது: அம்மம்மா, டியூசன், தொலைபேசி. அம்மம்மா உள்ள வீடு அதிர்ஷ்டசாலி. அவளுக்கும் முழங்கால் வலி இருக்கிறது என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. டியூசன் படிப்புக்காக மட்டும் நடப்பதில்லை, பிள்ளையைப் பாதுகாப்பாக உட்கார வைக்கும் இடமாகவும் அது நடக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருடத்தில் அந்த வகுப்பு சனி, ஞாயிறையும் விழுங்கிவிடும். ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை வேறு. முன்பு பிள்ளைகள் வீடு கூட்டிய, தண்ணி பிடித்த, கடைக்கு ஓடிய நேரம் முழுவதும் இப்போது கொப்பிகளுக்குள் போய்விட்டது. அந்த வேலைகளும் சேர்ந்து யார் தலையில் விழுந்தன என்று கேட்கத் தேவையில்லை.

இந்த நெருக்கடியைச் சமாளிக்க ஊர் தானாகவே சில வழிகள் கண்டுபிடித்திருக்கிறது. பாண் அதில் முதலாவது. சமைக்கத் தேவையில்லை, பருப்பும் சம்பலும் போதும், பிள்ளைகளும் முகம் சுளிக்காது. அந்தியில் பீத்தோவன் இசையோடு ஒழுங்கைக்குள் வரும் சூன் பாண் முச்சக்கர வண்டி, வேலைக்குப் போகும் பெண்களுக்குச் செய்யும் சேவையை எந்த அமைச்சும் செய்ததில்லை. இடியப்பத்தைக் கடையில் வாங்குவது ஒரு காலத்தில் குறையாகப் பேசப்பட்டது. இப்போது மாமியாரே தட்டோடு நிற்கிறார். தேங்காய்ப்பாலுக்குப் பைக்கற் மா. அம்மி, மழைக்காலத்தில் கதவு அடைத்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க உதவுகிறது.

இந்த ஏற்பாடுகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதை 2022இன் பொருளாதார நெருக்கடி காட்டியது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்குள் இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை, வரிசையில் வெற்று சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 31இல் மின்வெட்டு 13 மணித்தியாலம். ரைஸ் குக்கர், ஸ்திரிக்கைப் பெட்டி, மெசின் எல்லாம் ஒரே நாளில் பொம்மைகளாயின. விறகடுப்பைப் புறக்கடையில் கட்டினார்கள். தோட்டத்து உறவுக்காரரிடம் மிலாறு கேட்டு நகரத்தார் போனார்கள். பெட்ரோல் வரிசையில் ஆண்களும் நின்றார்கள், அது தொலைக்காட்சியில் வந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வந்து சமைத்தவர்களைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உருக்குலைத்தபோது மறுபடியும் அதே பாடம். வெள்ளம் வடிந்த வீடுகளில் முழங்காலளவு சேறு. நிவாரணத்தில் அரிசி வந்தது, பருப்பு வந்தது. சேறு ஊறிய பாய், பாடக் கொப்பி, உடுப்பு எல்லாவற்றையும் கழுவிக் காய வைக்கும் வேலை வீட்டுக்காரருக்கே. அதுவும் மழைக்காலத்தில்.

தலைக்குள் ஒரு நாட்காட்டி

வீட்டு வேலை என்றால் கூட்டுவது, கழுவுவது, சமைப்பது என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. சித்திரக் கொப்பி எந்த நாள், தடுப்பூசி எப்போது, கேஸ் எத்தனை நாளைக்கு வரும், மாமாவின் பிரஷர் மாத்திரை முடிகிறதா, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யார் போவது, தண்ணீர்க் கட்டணம் கட்டியாயிற்றா, வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஆசிரியை இரவு ஒன்பது மணிக்குப் போட்ட செய்தி என்ன. இதெல்லாம் ஒரே தலைக்குள் ஓடுகிறது. அந்தத் தலை வங்கியில் காசு எண்ணும்போதும், மலையில் கொழுந்து கிள்ளும்போதும், ஓடுவது நிற்காது.

பிரெஞ்சுக் கேலிச்சித்திரக் கலைஞர் எம்மா 2017இல் இதைப் படக்கதையாக வரைந்தார். அது உலகம் முழுவதும் பரவியது. அதில் வரும் கணவன் நல்லவன். கேட்டால் செய்வான். கேட்டால் மட்டும். பவ்வாகமயிலும் அவன் இருக்கிறான்: "நீ சொல்லியிருந்தா நான் வாங்கிட்டு வந்திருப்பேனே?" சொல்வதே ஒரு வேலை என்பதுதான் எம்மாவின் வாதம். என்ன முடிந்துவிட்டது என்று பார்த்து, யாரிடம் சொல்வது என்று யோசித்து, சொல்லி, ஞாபகப்படுத்தி, செய்தானா என்று பார்ப்பது. இதில் வேலை பாதி குறைந்தது எங்கே?

என் அபிப்பிராயத்தில், நம் வீடுகளில் "ஒழுங்கில்லை" என்று சொல்லப்படும் பிரச்சினையில் பெரும்பகுதி இதுதான். அலுமாரி குறைவால் வந்ததல்ல. ஒரு வீட்டின் முழுத் தகவலும் ஒரே ஆளிடம் இருப்பதால் வந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பாடசாலைச் சொக்ஸ் இருக்கும் இடம்கூட யாருக்கும் தெரியாமல் போகிறது.

> ஒரு நாள் கை நிறுத்தினால்
>
> 1975 ஒக்டோபர் 24. ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 90 வீதமான பெண்கள் அன்று அலுவலகத்திலும் வேலை செய்யவில்லை, வீட்டிலும் செய்யவில்லை. சமையல் இல்லை, பிள்ளை பார்ப்பது இல்லை. அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கடைகளில் சீக்கிரம் சமைக்கக்கூடிய சொசேஜ்கள் தீர்ந்தன. ஐந்து ஆண்டுகளில், 1980இல், அந்த நாடு விக்டிஸ் ஃபின்பொகடோட்டிரை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. பிள்ளையைத் தனியாக வளர்த்த தாய் அவர்.

அம்மா வெளிநாட்டில்

இந்த ஊர்ப் பக்கத்துப் பல வீடுகளில் அம்மா குசினியில் இல்லை. குவைத்திலோ, சவூதியிலோ, டுபாயிலோ இன்னொருவர் குசினியில் இருக்கிறாள். அங்கே அவள் செய்வதும் இதே வேலைகள்தான்: சமையல், கழுவல், பிள்ளை பார்ப்பு. கடல் தாண்டினால் அதற்குச் சம்பளம் உண்டு. அந்தக் காசில் இங்கே கூரை மாறுகிறது, பிள்ளை டியூசன் போகிறது.

அவள் விட்டுப்போன வேலையைச் செய்பவர் யார்? பெரும்பாலும் அப்பா அல்ல. அம்மாயி, சித்தி, அதற்கும் ஆளில்லை என்றால் பதின்மூன்று வயது மூத்த மகள். காலையில் தம்பிக்குத் தலை சீவி, ரொட்டி சுட்டுவிட்டுப் பிந்தி வகுப்புக்கு வரும் பிள்ளையை மலையகத்து ஆசிரியர்கள் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சாதாரண தரம் எழுதாமல் நின்றுபோகும் பிள்ளைகளின் கதையில் வீட்டு வேலைக்கு ஓர் அத்தியாயம் உண்டு.

அரசாங்கம் இதைத் தன் பாணியில் கையாண்டது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக முடியாது என்றது அது. டொலர் வறண்ட 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைந்தது. டொலர் தேவைப்பட்டதும் பிள்ளைகள் மூன்று வருடம் முந்தியே வளர்ந்துவிட்டார்கள் போலும். வெளிநாடு போகும் அப்பாவிடம் இப்படி ஓர் அறிக்கை எப்போதும் கேட்கப்பட்டதில்லை.

உள்நாட்டிலும் ஒரு சங்கிலி உண்டு. கொழும்பின் வீடுகளைத் துடைக்கத் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று. 2021இல் மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, வேலைக்குப் போன வீட்டில் தீக்காயமடைந்து இறந்தபோது நாடு கொதித்தது. பரபரப்பான குடும்பங்கள் தங்கள் நேர நெருக்கடியைத் தீர்க்கக் காசு கொடுத்து வாங்கும் நேரம், வேறொரு வீட்டில் குறைந்துபோகும் நேரம். அதற்காக உதவிக்கு ஆள் வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வயது வந்தவருக்கு, பேசிய சம்பளத்துக்கு, லீவோடு என்றால் அது தொழில். நாவலப்பிட்டியிலும் கிழமைக்கு இரண்டு நாள் வந்து உடுப்புக் கழுவிக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு தேங்காய் விலையைப் பற்றி யோசிக்காமல் வாங்குபவர், அவர்களிடம் நூறு ரூபாவுக்குப் பேரம் பேசுவதை நிறுத்தினால் நல்லது.

> வீட்டு வேலைக்கு விலை
>
> 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவன் சவூதி அரேபியாவில் சம்பாதித்தான், மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்தாள். அந்தக் காசில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு, அவளுடைய வீட்டு வேலையும் சொத்துச் சேர்த்த உழைப்பே என்பது தீர்ப்பு.
>
> அதே ஆண்டு செப்டெம்பர் 15இல் தமிழ்நாடு அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபா, ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு.
>
> ஸ்பெயினில் 2005 முதல் வீட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது கணவன் மனைவியின் சட்டக் கடமை.
>
> இலங்கையில் அரச ஊழியரான தந்தைக்குப் பிள்ளை பிறந்தால் சம்பளத்தோடு மூன்று நாள் லீவு.

எது பலன் தருகிறது

வாசகர் ஏதாவது செய்முறை எதிர்பார்ப்பார். ஊரில் நடப்பதிலிருந்தே சிலவற்றைச் சொல்லலாம்.

காலையில் ஒழுங்கு வராது, முதல் நாள் இரவிலேயே வர வேண்டும். பை, சப்பாத்து, சொக்ஸ், பஸ் காசு நாலும் படுக்கப் போகுமுன் வாசலுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில். தேங்காயை இரவே துருவி வைப்பது, குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில், காலையில் கால் மணித்தியாலம் மிச்சம் பிடிக்கும்.

சீருடை வாங்கும்போது ஒரு பெரிய பை வாங்குவதைத் தள்ளிவைத்து ஒரு சட்டை கூட வாங்குங்கள். மழைக்காலத்தில் ஆளுக்கு நாலு சட்டை என்பது ஆடம்பரமல்ல. கழுவுவதைச் சனிக்கிழமைக்கு மொத்தமாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் கொழும்புக்குச் சரி, இங்கே சரிவராது. தினமும் இரண்டு மூன்று உருப்படி கழுவி, கூரைக்குக் கீழே காற்றோட்டமுள்ள இடத்தில் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். எல்லாவற்றையும் ஸ்திரிக்கை போடவும் தேவையில்லை. படுக்கை விரிப்பையும் வீட்டு உடுப்பையும் மடித்து வைத்தால் வானம் இடிந்து விழாது.

வருடப்பிறப்புக்குக் கடைக்காரர் கொடுக்கும் நாட்காட்டி எல்லா வீட்டிலும் தொங்குகிறது. அதில் நல்ல நேரம் மட்டும்தான் பார்க்கிறோம். தலைக்குள் ஓடுவதையெல்லாம் அதன் கட்டங்களில் எழுதி, பக்கத்தில் ஒரு பேனையைக் கட்டிவிட்டால், அம்மாவைக் கேட்காமல் சுவரைக் கேட்கலாம். செலவு ஒன்றுமில்லை. பிள்ளை தானாகவே எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மாதத்துக்கு ஒரு போயா லீவு வருகிறது. பெருங்கூட்டலை அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து மத்தியானத்துக்குள் முடித்துவிடும் வீடுகள் உண்டு. தீபாவளிக்கு முதல் கிழமை முதுகு உடைவது அங்கே குறைவு.

இவற்றையெல்லாம் விடப் பெரியது, வேலையை முழுதாகக் கைமாற்றுவது. "கொஞ்சம் உதவி செய்" என்றால் பொறுப்பு கொடுத்தவளிடமே திரும்பிவிடும். இரவுப் பாத்திரம் இனி அப்பாவுடையது என்றால், சவர்க்காரம் முடிந்துபோனதைக் கவனிப்பதும் அவர் வேலை. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதல் இரண்டு கிழமை கண்டும் காணாமல் இருக்க வேண்டும். இது பல அம்மாக்களுக்கு முடியாத காரியம். பிடுங்கித் தானே கழுவிவிடுவார்கள், அத்தோடு அந்த ஏற்பாடு முடிந்தது. பத்து வயதுக்கு மேல் தன் சொக்ஸையும் சப்பாத்தையும் தானே கழுவுவது மகளுக்கும் மகனுக்கும் ஒரே சட்டமாக இருக்கட்டும். தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழில்நுட்பத் திறன்கள் பாடத்தை ஆண்பிள்ளைகளும் படிக்கிறார்கள். பத்தாம் தரத்தில் மனைப்பொருளியல் வகுப்பை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரட்டைப் பின்னல்களே தெரியும்.

வீட்டுக்குள் பகிர்ந்தாலும் தீராத பகுதி ஒன்று உண்டு. அது ஊரின் கையில். தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. வசதி போதாது என்று சண்டை போடவாவது அது இருக்கிறது. கொழுந்து தேவைப்பட்டதால் கம்பனிகள் கட்டியவை அவை, இரக்கத்தால் கட்டியவை அல்ல. நகரத்தில் பாடசாலை விட்ட பிறகு பிள்ளையை ஆறு மணி வரை பார்த்துக்கொள்ளும் பொது இடம் ஒன்றைப் பற்றி நகர சபைத் தேர்தல் மேடைகளில் பேச்சே எழுவதில்லை. பகலில் சும்மா கிடக்கும் மண்டபங்கள் இந்த ஊரில் உண்டு. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் சனசமூக நிலையங்களிலும் மாலை வகுப்பு நடத்திப் பழகியவர்கள் உண்டு. ஒன்றரை மணியிலிருந்து ஆறு மணி வரை இரண்டு பேருக்குச் சம்பளம், ஒரு கோப்பை தேத்தண்ணி, படிக்க ஒரு மேசை: கணக்குப் போட்டால் பல பெற்றோர் டியூசனுக்குக் கட்டுவதைவிடக் குறைவாகவே வரும். அடுத்த தடவை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கொங்கிறீட் ஒழுங்கை கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம்.